பாடியையா, ஹவுசிங்கையா?

பொள்ளாச்சிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை வழியில் ஒரு சிற்றோடையைக் கடக்கிறது. ஓடையின் நடுவில், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் இடையே, ஆட்டுக்கல் அளவில் ஒரு பாறை புதைந்திருக்கிறது. ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையும் அதைச் சுற்றியுள்ள மணலைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போவதால், பாறை ஆண்டுக்கு ஆண்டு வளர்வதுபோல் தோன்றும். 2015இல் நான் வாங்கிய பழைய மாருதி சுசூக்கி ஜிப்சி கிங் ஜீப், அந்த ஆண்டு ஆகஸ்டில், பத்து மூட்டை உரத்துடன் அந்தப் பாறையின் மேல் தன் பின் டிஃபரன்ஷியலை, அதாவது சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் கியர்த் தொகுதியை, கொண்டுபோய் மோதியது. இறங்கிக் குனிந்து பார்த்தபோது அதன் இரும்புக் கூடான ஹவுசிங்கின் அடியில் ஒரு புதுப் பள்ளமும், வடிகால் போல்ட்டைச் சுற்றி ஆயில் கசிவும் இருந்தன. வண்டியை உயர்த்திவிட வேண்டும் என்று அன்று மாலையே முடிவுசெய்துவிட்டேன். உயர்த்துவது என்றால் எதை உயர்த்துவது என்று அப்போது யோசிக்கவில்லை.

என் வண்டி 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத்திறன். 1985 இறுதியில் இந்தியாவுக்கு வந்து 2019 வரை உற்பத்தியில் இருந்த ஜிப்சியின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவே இல்லை: ஏணிபோன்ற சேஸி, முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒரே குழாயில் இணைக்கும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை. தரையிலிருந்து இடைவெளி 210 மில்லிமீட்டர் என்று கம்பெனிக் கையேடு சொல்கிறது. பட்டைகள் ஆக்சிலுக்கு அடியில் தொங்க, ஆக்சில் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரி முக்கியம்.

கோவையில் வண்டிகளுக்கு அலங்காரமும் மாற்றமும் செய்துதரும் ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு அங்குலம் தூக்கித்தர இரண்டு நாள் கேட்டார்கள். அவர்கள் செய்தது இரண்டு வேலை. பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு இணைத்து ஊஞ்சல்போல் ஆடும் ஷேக்கிளைக் கழற்றிவிட்டு, அதைவிட இரண்டு அங்குலம் நீளமான ஷேக்கிளைப் போட்டார்கள். பட்டையின் ஒரு முனை மட்டும் இரண்டு அங்குலம் இறங்குவதால் நடுவில் இருக்கும் ஆக்சிலுக்கு மேல் கிடைக்கும் உயர்வு அதில் பாதி, அதாவது ஓர் அங்குலம். இன்னொரு அங்குலத்துக்காக ஒவ்வொரு கட்டிலும் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார்கள். வண்டி வெளியே வந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நாள் தோப்புக்குப் போனேன். அதே பாறை, அதே வேகம், அதே இடத்தில் டிஃபரன்ஷியல் மோதியது. பழைய பள்ளத்தின் மேலேயே இன்னொரு கீறல்.

காரணம் இப்போது எழுதும்போது வெட்கப்படும் அளவுக்கு எளிது. முழு ஆக்சில் வண்டியில் ஆக்சிலின் உயரத்தைத் தீர்மானிப்பது சக்கரத்தின் ஆரம் மட்டுமே. பட்டையையும் ஷேக்கிளையும் மாற்றினால் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் சேஸியும் பாடியும் எஞ்சினும் நாமும் உயர்கிறோமே தவிர, ஆக்சிலும் அதன் நடுவில் பானைபோல் தொங்கும் டிஃபரன்ஷியலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. செலவழித்த பணத்துக்குப் பயனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. முன் பம்பர் மேட்டில் இடிக்காமல் ஏறும் கோணமும், இறங்கும்போது பின்பக்கம் தேயாத கோணமும், வரப்பைத் தாண்டும்போது நடுவயிறு தட்டாத கோணமும் கூடின. ஆனால் என் சிக்கல் வயிற்றில் இல்லை. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2375 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள இந்தக் குட்டை வண்டிக்கு வயிறு தட்டுவது அரிது.

பாறையைவிடப் பெரிய பாடத்தை ஆழியாறு–வால்பாறை மலைப்பாதை நடத்தியது. 40 கொண்டை ஊசி வளைவுகள். வழக்கமாக வளைவின் முடிவில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்பும். வாகனம் ஓட்டுகிறவர்கள் யாரும் அதை ஒரு வசதியாகக்கூட எண்ணுவதில்லை. அன்று மூன்றாவது வளைவில் கையைத் தளர்த்தியபோது ஸ்டீயரிங் திருப்பிய இடத்திலேயே நின்றது. நானே இழுத்து நேராக்கினேன். நேர்ச்சாலையில் வண்டி, கயிறு அவிழ்ந்த கன்றுக்குட்டிபோல் இடமும் வலமும் மோப்பம் பிடித்துக்கொண்டு போனது. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தி, நீர்த்தேக்கத்தைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு, நடுங்கும் கையைப் பையில் வைத்திருந்தேன். இறங்கும்போது அரசுப் பேருந்து ஒன்றின் பின்னாலேயே, அது தந்த தைரியத்தில், முதலாவது கியரில் வந்து சேர்ந்தேன்.

கேஸ்டர் என்ற சொல் அதற்குப் பிறகுதான் என் வாழ்க்கைக்குள் வந்தது. சைக்கிளின் முன் கவை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டு ஓட்ட உதவுகிறது. அதே சாய்வு வண்டியின் முன் சக்கரம் திரும்பும் அச்சிலும் உண்டு; கேஸ்டர் என்பது அதுதான். அது மொத்தமே சில டிகிரிதான். ஜிப்சியில் முன் பட்டையின் ஷேக்கிள் வண்டியின் மூக்குப் பக்கம் இருக்கிறது. அதை இரண்டு அங்குலம் நீட்டும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டையின் முன் முனை 50 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது; பட்டையோடு கட்டப்பட்ட ஆக்சிலும் சுமார் 3 டிகிரி முன்னோக்கிக் கவிழ்கிறது. கம்பெனி கொடுத்த சாய்வை ஷேக்கிள் தின்றுவிட்டது. அலைன்மென்ட் கடையில் மாட்டிப் பார்த்தபோது ஒரு டிகிரிகூட மிச்சமில்லை.

இதற்கு மாற்று உண்டு: ஆக்சில் உட்காரும் மேடைக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு வைப்பது. உலோகத்தில் செய்த, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த, உண்மையான ஆப்பு. தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு பொருளும் எனக்குப் பொருந்திவிட்டது. அதே பட்டறையில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் வண்டியில் முன் ஆப்பின் தடித்த பக்கம் வண்டியின் மூக்கைப் பார்க்க வேண்டும்; அப்போதுதான் ஆக்சில் பின்னோக்கிச் சாயும். அவர்கள் தடித்த பக்கத்தைப் பின்னால் வைத்ததால் இருந்த கொஞ்சமும் போய், சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பியது. வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஒரு வேகத்தடை தாண்டியதும் முன் சக்கரங்கள் இரண்டும் தாமாகவே இடவலமாக உதறத் தொடங்கி, நிறுத்தினால்தான் நின்றது. போதாக்குறைக்கு ஆப்பு அலுமினியத்தில் வார்த்தது. கழற்றியபோது அதில் மயிரிழை அளவில் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அங்கிருந்துதான் பொள்ளாச்சியில், லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். மூன்று பக்கம் தகரம், தரை முழுக்கக் கரி, ஒரு மூலையில் உடைந்த பட்டைகளின் குவியல். அந்தக் குவியலை எடைக்கு வாங்கிப்போக அருவாள் அடிப்பவர்கள் வருவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது; லாரிப் பட்டை எஃகில் அடித்த அருவாளுக்கு ஊர்ப்பக்கம் எப்போதும் மதிப்பு அதிகம். உரிமையாளர் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ஏனுங் தம்பி, எதைத் தூக்கோணும்னு வந்தீங்க? பாடியையா, ஹவுசிங்கையா?”

“ஹவுசிங்கைத்தானுங்கண்ணா. கல்லுல அடிக்குது.”

“அப்பொ டயரை மாத்தியிருக்கோணுமுங்க. பட்டையைத் தூக்கறது அந்த டயருக்கு எடம் பண்றதுக்குத்தான்.”

இரண்டு மாதமும் நாற்பதாயிரம் ரூபாயும் செலவழித்து நான் கற்காததை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பெரிய டயர்தான் நோக்கம். உயர்த்திய சஸ்பென்ஷன் அதற்கான வழி மட்டுமே. நான் வழியை வாங்கி வைத்துக்கொண்டு நோக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் நீள ஷேக்கிளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பெனி ஷேக்கிளையே திரும்ப மாட்டினார். உயர்வு முழுவதையும் பட்டையின் வளைவிலேயே எடுத்தார். பழைய பட்டையைக் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டியால் அடித்து வளைப்பதும் ஒரு வழக்கம்தான். ஆனால் அது சில மாதங்களில் பழைய நிலைக்கு அமர்ந்துவிடும். அவர் உலையில் சிவக்கக் காய்ச்சி, புதிய வளைவு கொடுத்து, எண்ணெயில் முக்கி, மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்த்தார். நான் அருகில் நின்று பார்த்தவரை வெப்பமானி எதுவும் இல்லை; நிறத்தைப் பார்த்தே முடிவுசெய்தார். கோவைப் பட்டறைக்காரர்கள் சேர்த்திருந்த முரட்டுக் கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்றைச் சேர்த்தார். முன்னால் இரும்பில் கடைந்த மெல்லிய ஆப்பைச் சரியான பக்கம் வைத்தார். ஆப்பின் தடிப்புக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட்டும், பட்டையை ஆக்சிலோடு கட்டிப்பிடிக்கும் யூ போல்ட்டுகளை நான்கு மூலைக்கும் புதிதாகவும் போட்டார். ஒருமுறை இறுக்கி நீண்டுவிட்ட யூ போல்ட்டைத் திரும்பவும் பயன்படுத்துவதில்லை என்பதில் அவர் பிடிவாதமானவர். 500 கிலோமீட்டர் ஓடியபிறகு வந்து எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிக்கொண்டு போகச் சொன்னார். போனேன், ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கியது.

ஆப்பு வைப்பதிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. முன் ஆக்சிலைப் பின்னோக்கிச் சாய்த்தால் ஸ்டீயரிங் திரும்ப வரும். ஆனால் டிஃபரன்ஷியலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் என்ற கியர்த் தண்டு கீழே குனிந்து, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் மூட்டாக இருக்கும் கிராஸ் மேலும் முறுக்கமான கோணத்தில் வேலை செய்ய வேண்டிவரும். கோணத்தில் சுழலும் கிராஸ் ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமுறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கோணம் ஒன்றாக இருந்தால் ஒன்று செய்த ஏற்ற இறக்கத்தை மற்றொன்று அழித்துவிடும். ஒன்றாக இல்லாவிட்டால் அது தரைவழியாக நம் முதுகெலும்புக்கு வந்து சேரும். எனக்குப் பின் ஷாஃப்ட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் நேரத்தில் மட்டும் ஓர் உறுமல் இருந்தது. பின் ஆக்சிலுக்கும் ஒரு மெல்லிய ஆப்பு வைத்த பிறகுதான் அது அடங்கியது.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது எல்லா ஹோஸும் தளர்வாகத்தான் தெரியும். சேஸியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை முழுவதுமாகத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். என் முன் இடது ஹோஸ் அந்த நிலையில் வீணைத் தந்திபோல் விறைத்திருந்தது. ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். பழைய நீளத்திலேயே விட்டால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பட்டைக்குப் பதிலாக ஷாக்கே ஆக்சிலைத் தாங்கி, தன் புஷ்ஷையும் பிராக்கெட்டையும் பிய்த்துக்கொள்ளும். இரண்டையும் மாற்றினேன்.

இனி டயர். கம்பெனி டயர் 205/70 ஆர்15. இந்த எண்களைப் பிரித்துப் படித்தால், அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் 668 மில்லிமீட்டர். நான் போட்டது 235/75 ஆர்15. விட்டம் 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் 65, ஆக்சிலுக்குக் கிடைப்பது அதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பாடும் இந்த ஒன்றேகால் அங்குலத்துக்காகத்தான் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள் என்பதால் இதுவரை சொல்லவில்லை. மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்தால் டயர் சப்பையாகி அதிலும் கொஞ்சம் திரும்பப் போய்விடும். ஆனாலும் பாறை மோதுவதற்கும் மோதாததற்கும் நடுவே இருந்தது அந்த அளவுதான்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1940களின் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இருந்த 6.00–16 டயரின் விட்டமும் ஏறக்குறைய 29 அங்குலம்தான். நான் அடித்துப்பிடித்து எட்டிய அதே உயரம், அதில் ஆறு அங்குல அகலத்தில். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பழைய மகிந்திரா ஜீப்புகள் அந்த ஒல்லி டயரோடு சேற்றுக்குள் இறங்கி, குழம்பை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடித்து ஏறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். என் அகல டயர் மணலில் மிதக்கிறது, நன்றாகவே மிதக்கிறது. களிமண்ணிலும் மிதக்கிறது, அதுதான் குறை. இன்று திரும்ப வாங்குவதானால் உயரத்தை வைத்துக்கொண்டு அகலத்தைக் குறைப்பேன்.

விட்டம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடினால், ஒரே சுற்றில் வண்டி 10 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர்பெட்டியின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் அதற்கு டயர் மாறியது தெரியாது. முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 66. ஆனால் உறுத்தியது வேகமல்ல, இழுவை. எல்லாக் கியரும் கால் கியர் உயர்ந்துவிட்டதுபோல் ஆகி, தோப்பு மேட்டில் இரண்டாவதில் போன இடத்தில் முதலாவது தேவைப்பட்டது. கிளட்ச் வாடை வரத் தொடங்கியது. இங்கே சுசூக்கியின் அமைப்பு ஒரு வழி வைத்திருக்கிறது. மற்ற ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை ரேஞ்ச், அதாவது சாதாரண ஓட்டத்துக்கான நிலை, பெரும்பாலும் எதையும் குறைக்காத நேர்ச் சுற்று. ஜிப்சியில் ஹை ரேஞ்சிலேயே 1.409 என்ற குறைப்பு உண்டு, கூடுதல் இழுவைக்கான லோ ரேஞ்சில் 2.268. பழைய ஒரு லிட்டர், 45 குதிரைத்திறன் ஜிப்சியில் எஞ்சின் சிறியது என்பதால் இந்தக் குறைப்பு இன்னும் அதிகம். ஹை ரேஞ்ச் 1.58 அளவில் இருக்கும். அந்தக் கேஸைப் பழைய உதிரிபாகக் கடையில் பிடித்து, சில இணைப்புகளை மாற்றிப் பொருத்தினால், டயர் தின்ற 10 சதவீதத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரும்பக் கிடைக்கிறது. நான்கு மாதம் தேடிக் கிடைத்தது. என் வண்டியில் செய்த வேலைகளில் ஒரு வருத்தமும் இல்லாதது இது ஒன்றுதான்.

பிரேக்குக்கு அப்படி ஒரு மாற்று கிடைக்கவில்லை. உயரமான, கனமான சக்கரத்தை நிறுத்த அதே டிஸ்க்கும் அதே டிரம்மும் அதிகம் உழைக்கின்றன; நான் முன்கூட்டியே மிதிக்கப் பழகிக்கொண்டேன் என்பதைத் தவிர வேறு தீர்வு சொல்ல இல்லை. திரும்பிய நிலையிலும் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டான சி.வி. ஜாயிண்ட்டும் இதே நிலையில்தான். பெரிய டயர் பாறையிடுக்கில் மாட்டியிருக்க, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், தேங்காய் உடைவதுபோல் ஒரே ஒரு சத்தம் கேட்கும். நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் தாண்டி, ஆக்சிலின் மேல் புது மேடைகளை வெல்ட் செய்து, அடியில் இருந்த பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றிவிட்டார். ஆக்சில் குழாயின் விட்டமும் பட்டைக்கட்டின் தடிப்பும் சேர்ந்து ஒரே அடியில் ஐந்து அங்குலம் உயர்ந்தது. சஸ்பென்ஷன் பஞ்சுபோல் வளைந்துகொடுக்கிறது, 31 அங்குல டயர் உரசாமல் சுழல்கிறது. ஆனால் ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பி செங்குத்தாகச் சரிந்ததால், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் வண்டி தானாகவே திரும்பப் பார்க்கிறது. வேகமெடுக்கும்போது ஆக்சில் பட்டையை முறுக்கிக்கொண்டு உதைக்கிறது. அவற்றைச் சரிசெய்ய இன்னும் இரண்டு சுற்று வெல்டிங் ஆனது. வெல்டரின் கையை முழுதாக நம்பினால் ஒழிய இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து; ஸ்டீயரிங் கம்பியில் ஒட்டு வைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

கவிழும் அபாயம் இன்னும் அடிப்படையானது. இட, வலச் சக்கரங்களுக்கு இடையிலான தட அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் சிறுக்கச் சிறுக்க வண்டி எளிதில் கவிழும். ஜிப்சியின் தட அகலம் சுமார் 1300 மில்லிமீட்டர்தான். உயரத்தை ஏற்றும் ஒவ்வொரு அங்குலமும் இந்தக் கணக்கின் கீழ்ப்பகுதியில் போய்ச் சேர்கிறது. ஜிப்சியின் நெருங்கிய உறவான சாமுராயை அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் இதழ், கவிழும் இயல்புடையது என்று 1988இல் ஏற்கத்தகாத வண்டியாக அறிவித்தது. கம்பெனி 1996இல் வழக்குப் போட்டு, 2004இல் சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்ற விவாதம் அங்கே இருக்கட்டும். அந்த விவாதம் உயர்த்தப்படாத வண்டியைப் பற்றியது.

சட்டத்தையும் நான் தாமதமாகத்தான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. காப்பீடு தனிக் கதை. சொல்லாமல் செய்த மாற்றத்தோடு விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்டு வாதாட வேண்டிவரும். எனக்கு இந்தக் குழப்பம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. 2018இல் 15 ஆண்டு முடிந்தபோது பதிவைப் புதுப்பிக்காமல், ஜிப்சியைத் தோப்போடு நிறுத்திக்கொண்டேன். ஊருக்குப் போக வேறொரு சாதாரணக் கார் இருக்கிறது. அதன் ஒரு போல்ட்டைக்கூட நான் தொடவில்லை.

போன மாதம், மட்டைகளை இறக்கி முடித்த பிறகு, சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். உலையில் காய்ச்சி எடுத்த பட்டையும் அமரத்தான் செய்கிறது: பின்பக்கம் 14 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. முழுச் சுமையில் டயர் உள்ளே பாடி விளிம்பை லேசாகத் தொட்ட தடமும் தெரிந்தது. பட்டறை அண்ணனிடம் மீண்டும் போக வேண்டும். ஓடையையும் பார்த்துவிட்டு வந்தேன். இந்த ஆண்டு மழை மணலை இன்னும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது; வெற்று வண்டிக்குப் பாறைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, சுமையோடு ஒரு விரல். நான் அளந்துகொண்டிருப்பதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, 2015இலிருந்து கேட்டுவரும் அதே கேள்வியைக் கேட்டார்: “ரெண்டு ஆளுகிட்ட கடப்பாரை குடுத்து அனுப்பட்டுமா?”